ஊசியே உடையாத கம்பெனி

கேள்வி: திருப்பூரில் 40 மெஷின்களுடன், ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் குழந்தை உடைகள் தைத்துக் கொடுக்கிறேன். தையல் பிரிவை என் மனைவியின் தம்பி கவனிக்கிறார். எல்லார் முன்னாலும் திட்டுகிறார், சம்பளத்தில் பிடிக்கிறார். மூன்று நல்ல டெய்லர்கள் நின்றுவிட்டார்கள். ஆனால் உற்பத்தி கூடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஊசி உடைவதுகூட நின்றுவிட்டது. அவரைத் தட்டிக் கேட்டால் வீட்டில் மனஸ்தாபம் வரும். கண்டிப்பு இருப்பது நல்லதுதானே?

பதில்: ஊசி உடைவது நின்றுவிட்டது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படி நம்பினீர்கள்? நிமிடத்துக்கு 5,000 தையல் ஓடும் ஓவர்லாக் மெஷின்களில், எலாஸ்டிக்கும் தடித்த மடிப்பும் தைக்கும்போது ஊசி உடையத்தான் செய்யும். உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டுகளையெல்லாம் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவேடு காலியாக இருக்கிறதென்றால், தைக்கும் பெண்கள் திட்டுக்கும் பிடித்தத்துக்கும் பயந்து கைக்காசில் ஊசி வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் மைத்துனர் திரும்பிப் பார்ப்பதற்குள் மாற்றிவிடுகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். தேடப்படாத ஊசிமுனை எந்தக் குழந்தையின் சட்டை மடிப்பில் இருக்கிறதோ!

அமெரிக்க மருத்துவமனைகளில் நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்ல ஊழியர்கள் அஞ்சவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் கம்பெனியில் நடப்பது இதற்கு நேர்மாறு.

நேரத்துக்கு வரவேண்டும், தையல் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற கண்டிப்பை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் நினைத்தபடி சம்பளத்தில் பிடிப்பது கண்டிப்பில் சேராது. விளக்கம் கேட்காமல் அபராதம் போடக் கூடாது, போட்டாலும் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 3-ஐத் தாண்டக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே சொன்னது; அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

வீட்டு மனஸ்தாபத்துக்கு அஞ்சுகிறீர்கள். உங்களை நம்பித் தங்கள் பெண்களை அனுப்பிய குடும்பங்களுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். மைத்துனரின் முகவாட்டம் அதற்குப் பிறகுதான். குடும்பத்தில் மூத்தவர் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்காவிட்டால் வேறு யார் கண்டிப்பார்கள்? பிடித்த பணத்தை அவர் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இருப்பில் உள்ள ஒவ்வொரு பீஸையும் மெட்டல் டிடெக்டரில் விடுங்கள். போய்விட்ட சரக்கைப் பற்றி, ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு இன்றே தெரிவியுங்கள்.