நேராக விடை கூறாதவரின் பேச்சை மொழிபெயர்ப்பது எப்படி?

கேள்வி: நேர்காணல்களையும், சில வேளைகளில் வழக்கு வாக்குமூலங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். கேட்டதற்கு நேராக விடை கூறாமல் ஒருவர் வேறொன்றைச் சொல்லும்போது, சொன்னதை மட்டும் எழுதுவதா, அவர் உணர்த்தியதையும் சேர்த்து எழுதுவதா?

பதில்: சொன்னதை எழுதுங்கள், உணர்த்தியதை வாசகர் தாமே உய்த்துணரட்டும். அப்படி உணர்வதற்குத் தேவையான பின்புலம் தமிழ் வாசகரிடம் இல்லையென்றால், அந்தப் பின்புலத்தை மட்டும் கொடுங்கள், முடிவைக் கொடுக்காதீர்கள்.

நன்னூல் விடைகளை எட்டாகப் பகுத்து, அவற்றுள் இறுதி ஐந்தும் குறிப்பினால் விடையாகின்றன என்கிறது. 'இது செய்வாயா?' என்ற வினாவுக்கு 'உடம்பு நொந்தது' என்று மறுமொழி வந்தால் அது உற்றது உரைத்தல். 'கை வலிக்கும்' என்று வந்தால் உறுவது கூறல். இரண்டிலும் 'செய்யமாட்டேன்' என்பது இல்லை, ஆயினும் கேட்டவருக்கு அது விளங்கிவிடுகிறது. எவ்வாறு விளங்குகிறது என்பதை மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஆராய்ந்தார். பேசுபவர் வேண்டிய அளவில், உண்மையாக, பொருத்தமாக, தெளிவாகப் பேசுவார் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். சொல்லப்பட்டது அதற்கு ஒவ்வாததுபோல் தோன்றினால், ஒத்துவரச் செய்யும் பொருளொன்றைத் தாமே வருவித்துக்கொள்கிறார்.

வருவித்த அந்தப் பொருளை மொழிபெயர்ப்பில் ஏற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்த பிரான்ஸ்டன் வழக்கு நல்ல சான்று. திரைப்படத் தயாரிப்பாளர் சாமுவேல் பிரான்ஸ்டனிடம், திவால் விசாரணையொன்றில், சுவிஸ் வங்கிகளில் கணக்கு உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றார். முன்பு எப்போதாவது இருந்ததா என்றதற்கு, 'நிறுவனத்துக்கு அங்கே, சூரிச்சில், ஏறத்தாழ ஆறு மாதம் கணக்கு இருந்தது' என்றார். அவர் பெயரிலேயே ஜெனீவாவில் கணக்கு இருந்தது பின்னர் வெளிப்பட்டது. சொன்னது உண்மை; உணர்த்தியதுதான் பொய். சொல்லளவில் உண்மையான விடையைப் பொய்ச்சாட்சியமாகக் கொள்ள முடியாது என்றும், விடை வழுவிப் போகும்போது மீண்டும் கேட்டுத் தெளிவது வழக்குரைஞரின் பொறுப்பு என்றும் கூறி, நீதிமன்றம் அவருடைய தண்டனையை ஒருமனதாக நீக்கியது.

இந்த விடையைச் சரளமான தமிழில் எழுத முனைபவர் 'நிறுவனத்துக்குத்தான் இருந்தது' என்று எழுதிவிடக்கூடும். சரளத்துக்காகச் சேர்த்த அந்த ஓரிடைச்சொல், அவர் சொல்லாத மறுப்பைச் சொன்னதாக்கிவிடுகிறது. ஐயம் எழும்போது கிரைஸ் காட்டிய சோதனையைச் செய்து பாருங்கள்: 'நிறுவனத்துக்கு இருந்தது, எனக்கும் இருந்தது' என்பதில் முரண் இல்லை, ஆகவே மறுப்பு வெறும் குறிப்புப் பொருள். 'நிறுவனத்துக்குத்தான் இருந்தது; எனக்கும் இருந்தது' என்பதோ தன்னையே மறுக்கிறது. மூலத்தில் முரணின்றி நீக்கக்கூடிய பொருள், உங்கள் தமிழிலும் அவ்வாறே நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விடுபட்ட எழுவாயையோ வினையையோ நிரப்புவது இதில் சேராது. அது சொல்லப்பட்டதன் பகுதியே என்பதால் தயங்காமல் நிரப்பலாம்.

நேர்காணலில் நிலைமை சற்றே வேறு. டான் ஸ்பெர்பரும் டெயர்ட்ரா வில்சனும் 1986இல் முன்வைத்த பொருத்தக் கோட்பாட்டின்படி, கேட்பவர் சொல்லப்பட்டதோடு தம்மிடமுள்ள பின்புல அறிவை இணைத்தே முடிவுக்கு வருகிறார். அந்த அறிவு இல்லாதவருக்குச் சொற்கள் எல்லாம் புரிந்தாலும் விடை புரியாது. 'வியாழக்கிழமை படப்பிடிப்பு உண்டா?' என்றதற்கு ஓர் அமெரிக்க நடிகர் 'அன்று தேங்க்ஸ்கிவிங்' என்கிறார் என்று கொள்வோம். 'அன்று தேங்க்ஸ்கிவிங், வீட்டார் கூடி விருந்துண்ணும் விடுமுறை நாள்' என்று எழுதினால் போதும். 'எனவே படப்பிடிப்பு இல்லை' என்று தொடர்ந்தால், அவர் ஒருவேளை வேண்டுமென்றே மழுப்பியதை நீங்கள் உறுதிமொழியாக்கிவிடுகிறீர்கள். வாக்குமூலத்திலோ பின்புல விளக்கமும் வாசகத்துக்குள் வரலாகாது. தவிர்க்க முடியாத இடத்தில், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்ற அடையாளத்தோடு அடிக்குறிப்பாகத் தனியே எழுதுங்கள்.