கிளவுட்டில் வைத்த தகவல் அழியாமல் இருக்க அப்படி என்ன ஆராய்ச்சி நடக்கிறது? நல்ல டிஸ்க்காக வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. எவ்வளவு நல்ல டிஸ்க்காக இருந்தாலும், எண்ணிக்கை கூடக் கூடத் தினம் சில டிஸ்க் சாகத்தான் செய்யும்.

நான் மலேசியாவின் ஜொகூரில் கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். பாட்டி பால்மரம் (ரப்பர்) சீவியவர், அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டியவர். செம்பனை நின்ற நிலங்களில் இப்போது கிளவுட் தகவலைச் சேமிக்கும் கணினிகள் நிறைந்த தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. அப்படி ஒன்றில் இரவு ஷிப்டில் டிஸ்க் மாற்றுகிற வேலை எனக்கு. ஏன் இத்தனை டிஸ்க் மாற்றுகிறோம் என்று கேட்கப் போய்த்தான் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் 100,000 டிஸ்க்குகளில் எத்தனை மாற்றப்பட்டன என்ற கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் தாளின்படி வருடத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம்தான் கெட வேண்டும். உண்மையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக இருந்தது; சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருந்தது. 100,000 டிஸ்க் உள்ள இடத்தில் 2 சதவீதம் என்றாலே தினம் ஐந்துக்கு மேல். என் வேலை எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கூகல் தன் கோப்பு முறையைப் பற்றி 2003இல் எழுதிய கட்டுரை இதை அடிப்படையாகவே எடுத்துக்கொண்டது: கெடுவது விதிவிலக்கு இல்லை, அன்றாடம். அதனால் கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று இயந்திரங்களில் வைத்தார்கள். அந்தப் படிகளை வெவ்வேறு ராக்குகளுக்கு (இயந்திரங்களை அடுக்கும் சட்டங்கள்) பிரித்தும் வைத்தார்கள். பிரித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பது எனக்குக் கட்டுரை படிக்கும் முன்பே தெரியும். பாட்டி வேலை செய்த தோட்டத்தில் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் சம்பளப் பதிவேடு, இரண்டு படி இருந்தது. இரண்டும் ஆபீசில் ஒரே அலமாரியில். ஒரு வெள்ளத்தில் இரண்டும் கூழாகிவிட்டன. பாட்டி எத்தனை வருடம் உழைத்தார் என்பதற்குத் தாள் இல்லை. பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவரைத் தேடிப் பிடித்துச் சாட்சி வாங்க வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு தரவு மையம் எரிந்தபோதும் இதே கதைதான். காப்புப் படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

மூன்று படி வைத்தால் மூன்று மடங்கு இடம் வேண்டும். அதைக் குறைக்க, ரீட், சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1960இல் கண்டுபிடித்த கணக்கு உதவுகிறது. ஃபேஸ்புக் 2014இல் வெளியிட்ட முறையில் 10 துண்டுத் தகவலோடு 4 துண்டு கூடுதலாகக் கணக்கிட்டு வைக்கிறார்கள். இந்த 14இல் எந்த 10 கிடைத்தாலும் முழுத் தகவலும் திரும்ப வந்துவிடும். மைக்ரோசாப்டின் கிளவுட் சேவையான அஷூர் 2012இல் சொன்ன முறை, 12 துண்டாகப் பிரித்த தகவலில் ஒரு துண்டு தொலைந்தால் 12க்குப் பதில் 6 துண்டு மட்டும் படித்தே சரிசெய்கிறது. இடம் 1.33 மடங்குதான் ஆகும். இந்தக் கணக்கு அழகானது. ஆனால் கணக்கு சரியாக இருந்தும் தகவல் போகிற வழிகள் உண்டு, என்னை அதிகம் இழுத்தது அவைதான்.

ஒன்று, டிஸ்க் தப்பான தகவலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது. 2008இல் 1.53 மில்லியன் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்த ஆய்வில், எழுதியது ஒன்று, படித்தது வேறு என்ற நிலை 400,000 தடவைக்கு மேல் பிடிபட்டது. தகவலிலிருந்தே கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கூடவே வைத்து, ஓய்வு நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

இன்னொன்று, சாகவும் இல்லாமல் வேலையும் செய்யாமல் இருக்கிற இயந்திரம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹர்யாடி குணாவி குழு 2013இல் எழுதியதில் ஒரு சம்பவம் வரும். நொடிக்கு ஒரு கிகாபிட் அனுப்ப வேண்டிய நெட்வொர்க் அட்டை திடீரென்று ஒரு கிலோபிட்டுக்கு இறங்குகிறது. அந்த ஒரு இயந்திரத்துக்காகக் காத்துக் காத்து, 100 இயந்திரங்கள் கொண்ட தொகுதி முழுக்க ஊர்ந்து போகிறது. 2018இல் அதே குழு இப்படிப்பட்ட 101 சம்பவங்களை 12 நிறுவனங்களிடமிருந்து திரட்டியது. ஒன்றில் விசிறி ஒன்று நின்றுபோக, மற்ற விசிறிகள் முழு வேகத்தில் சுற்ற, அந்த அதிர்வில் டிஸ்க் மந்தமாகியிருக்கிறது. விசிறியைப் பார்க்காமல் டிஸ்க்கை மட்டும் மாற்றியிருந்தால் கோளாறு தீர்ந்திருக்காது.

இதைப் படித்த இரவு எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். இடுப்பு வலி கடுமையாக இருந்த வருடம் அது. விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர் அழைப்புக்கு, போய் நிற்பார். தண்டல் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிட்டால் குரல் கொடுப்பார். போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அவர் வராமல் இருந்திருந்தால் அவருடைய நிரையை (அவருக்கு ஒதுக்கிய மர வரிசை) வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வந்து நின்றதால் நிரை அவர் பெயரிலேயே இருந்தது. மத்தியானம் லாரி வந்து நிற்கும், குலை ரோட்டுக்கு வந்திருக்காது. பின்னால் இருந்த எல்லாருக்கும் தாமதம். வந்தாயா என்று கேட்க ஆள் இருந்தது. உன்னால் முடிகிறதா என்று கேட்க ஒருவரும் இல்லை.

கிளவுட் அமைப்புகளிலும் இயந்திரங்கள் சில நொடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும். மந்தமான இயந்திரமும் அதை ஒழுங்காக அனுப்பிவிடும். அதனால் இப்போதைய ஆராய்ச்சியில் ஒரு பகுதி, ஒவ்வொரு இயந்திரத்தின் வேகத்தையும் பக்கத்து இயந்திரங்களோடு ஒப்பிட்டு, பின்தங்குவதைச் சீக்கிரம் கண்டுபிடித்து வேலையை மாற்றிக் கொடுப்பதைப் பற்றியது. இதற்கு முழுத் தீர்வு இன்னும் கிடைக்கவில்லை.

இதை ஆராயப் பெரிய கம்பெனியில் இருக்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் டிங் யுவான் குழு 2014இல், பல இயந்திரங்களில் தகவலைப் பிரித்து வைக்கும் காசாண்ட்ரா, ஹெச்பேஸ், ரெடிஸ் போன்ற மென்பொருள்கள் உட்பட ஐந்து அமைப்புகளில் நடந்த 198 கோளாறுகளை ஆராய்ந்தது. அவற்றில் 98 சதவீதத்தை மூன்று இயந்திரங்களுக்குள்ளேயே திரும்ப வரவழைக்க முடியும் என்று கண்டார்கள். முழு அமைப்பையும் முடக்கிய கோளாறுகளில் 92 சதவீதத்துக்கு, மென்பொருளே எச்சரித்த சின்னப் பிழையைச் சரியாகக் கையாளாததுதான் காரணம்.

மூன்று பழைய லேப்டாப் போதும். காசாண்ட்ரா இலவசம். மூன்றிலும் அதை ஏற்றி, தகவலை மூன்று படியாக வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஒன்றை அணைத்துப் பாருங்கள். அப்புறம் அணைக்காமல் அதன் நெட்வொர்க்கை மட்டும் மெதுவாக்கிப் பாருங்கள். மற்ற இரண்டும் எவ்வளவு நேரம் கழித்து அதைக் கவனிக்கின்றன என்று குறித்து வையுங்கள்.