வெட்டியவர் யார்?

கேள்வி: "சூயஸ் கால்வாயை வெட்டியவர் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ்" என்று என் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் எங்கே பொறியியல் படித்தவர்? பனாமா கால்வாயை வெட்டியவரும் அவர்தானா?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: எங்கேயும் படிக்கவில்லை. டி லெசெப்ஸ் பொறியாளரே அல்ல. பிரெஞ்சு அரசின் தூதரக அதிகாரியாக இருந்தவர். பனாமாவுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் 'வெட்டியவர்' என்று போட்டிருக்கிறார்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பொது அறிவுப் புத்தகங்களோடு எனக்குள்ள சண்டை, இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் ஒரு பெயர், ஓர் ஆண்டு, முடிந்தது. மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் சேர்க்க 164 கிலோமீட்டர் தோண்டிய வேலையை ஒரே ஆளின் பெயரில் எழுதிவைத்தால், அவர் கையில் மண்வெட்டி இருந்தது என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

அவர் கையில் இருந்தது மக்ரோனி. 1830களில் அவர் எகிப்தில் தூதரகப் பணியில் இருந்தபோது நாட்டை ஆண்டவர் முகம்மது அலி பாஷா. மகன் சயித்தின் உடம்பைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே கவலை; பையன் அவ்வளவு குண்டு. சாப்பாட்டைக் குறைத்தார், ஓடச் சொன்னார், கப்பலின் பாய்மரத்தில் ஏறி இறங்கச் சொன்னார். அரண்மனைப் பிள்ளை அரை வயிற்றோடு அலைந்தான். அவன் தடையில்லாமல் போய்வந்த வீடு டி லெசெப்ஸின் வீடு. அங்கே அவனுக்கு வயிறார மக்ரோனி கிடைத்தது என்பது சூயஸைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் கதை. பசித்த வேளையில் சோறு போட்டவரைப் பிள்ளைகள் மறப்பதில்லை. 1854இல் சயித் ஆட்சிக்கு வந்தார். செய்தி கேட்டதும் டி லெசெப்ஸ் பிரான்சிலிருந்து கப்பலேறினார். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி கால்வாய்க்கான உரிமைப் பத்திரம் அவர் கைக்கு வந்துவிட்டது. எத்தனை காலத்துக்கு? கால்வாய் திறக்கும் நாளிலிருந்து 99 ஆண்டுகளுக்கு. ஊரைக் கூட்டி விருந்து போட்டுக் கடனாளியானவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விருந்து போட்டு 99 ஆண்டுக் குத்தகை வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அவரைச் சிறியவராக்குவது என் நோக்கமல்ல. இங்கிலாந்தின் பிரதமர் பாமர்ஸ்டன் குறுக்கே நின்றார். எகிப்துக்கு மேலதிகாரியாக இஸ்தான்புல்லில் இருந்த துருக்கி சுல்தான் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தார். இந்த மனிதர் சளைக்காமல் நாடு நாடாகப் பேசிப் பணம் திரட்டினார். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் கால்வாய் அந்தக் காலத்தில் வந்திருக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே, எப்படித் தோண்டுவது என்று வழி வகுத்தவர்கள் வேறு: எகிப்து அரசின் பணியிலிருந்த லினான் டி பெல்ஃபோன், ஆஸ்திரியாவின் நெக்ரெல்லி. அவர்களுக்கும் முன்னே, 1799இல் நெப்போலியனோடு வந்த பொறியாளர்கள் செங்கடல் மத்தியதரைக் கடலைவிட ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் என்று தப்பாக அளந்துவிட்டுப் போனார்கள். 1847இல் மறுபடி அளந்து, இரண்டு கடலுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று காட்டிய பிறகுதான் கப்பலை ஏற்றி இறக்கும் மதகே இல்லாத கால்வாய் சாத்தியமென்று தெரிந்தது. உங்கள் மகளின் புத்தகத்தில் இவர்களில் ஒருவர் பெயராவது இருக்கிறதா?

சரி, தோண்டியது யார்? நைல் கரை விவசாயிகள். அவர்களை ஃபெல்லாஹ் என்பார்கள். 1859 ஏப்ரல் 25ஆம் தேதி, பின்னாளில் போர்ட் சயித் என்று பெயர் பெற்ற மணல்திட்டில் முதல் கொத்து விழுந்தது. தானாக வந்த கூலியாட்கள் போதவில்லை. பாஷாவின் ஆணைப்படி ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். மாதத்துக்கு 20,000 பேர் களத்தில்; அவர்கள் இடத்தை நிரப்ப இன்னும் 20,000 பேர் வந்துகொண்டிருப்பார்கள்; முடித்த 20,000 பேர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். விதைக்கும் காலத்திலும் அறுக்கும் காலத்திலும் இத்தனை ஆண்கள் வயலில் இல்லை. கூலி உண்டு. 1856ஆம் ஆண்டு ஆணையில் அதை வகுத்தும் வைத்திருந்தார்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று பியாஸ்டர், 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு பியாஸ்டர். அந்தக் கடைசி விதியை இன்னொரு தடவை படியுங்கள். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகள் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, கூலியையும் நிர்ணயித்து, முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

முதல் ஆண்டுகளில் குடிதண்ணீர் ஒட்டகத்தின் முதுகில் வந்தது. நைலிலிருந்து நன்னீர் வாய்க்கால் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து சேர்த்தபின்தான் பாலைவனத்தில் மனிதர்கள் தங்க முடிந்தது. அந்த வாய்க்காலை வெட்டியவர்களும் இவர்களேதான். பல இடங்களில் கையால் சேற்றை அள்ளி, கூடையில் சுமந்து, கரையேறிக் கொட்டியிருக்கிறார்கள். 1865இல் காலரா வந்தது. மொத்தத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? பின்னாளில் எகிப்தின் அதிபர் நாசர் சொன்ன எண் 1,20,000. கால்வாயை வெட்ட டி லெசெப்ஸ் அமைத்த கம்பெனியின் மருத்துவர்கள் எழுதிய அறிக்கைகளைப் பார்த்தால் அதில் சிறு பங்குகூடத் தேறாது. கம்பெனியின் 4,00,000 பங்குகளும் யார் யார் கைக்குப் போயின என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தோண்டியவர்களின் சாவுக்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு கிடையாது.

எனக்கு ஆறாத இடம் இனிமேல்தான் வருகிறது. 1863இல் சயித் இறந்து இஸ்மாயில் ஆட்சிக்கு வந்தார். கட்டாய வேலையை நிறுத்தச் சொல்லி இங்கிலாந்து சத்தம் போட்டது. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோவுக்கு ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டபோது இதே கட்டாய ஆட்களை வைத்துத்தான் வேலை நடந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்கவில்லை. எப்படியோ, ஆள் பிடிப்பது நின்றது. உடனே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. மத்தியஸ்தம் செய்தவர் யார் தெரியுமா? பிரான்சின் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன். அவருடைய பட்டத்தரசி யூஜெனி டி லெசெப்ஸுக்கு உறவு. 1864இல் தீர்ப்பு வந்தது: எகிப்து கம்பெனிக்கு 8 கோடியே 40 லட்சம் பிராங்க் கட்ட வேண்டும். அதில் 3 கோடியே 80 லட்சம், கட்டாய ஆட்களை அனுப்பாமல் நிறுத்தியதற்காக! தன் குடிமக்களைச் சொந்த வயலுக்குத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு நாடு அபராதம் கட்டியிருக்கிறது. இந்தத் தொகையை அல்லவா பொது அறிவுப் புத்தகத்தில் போட வேண்டும்? அந்தப் பணமும் கைக்கு வந்தபின் கம்பெனி நீராவியில் ஓடும் தூர்வாரும் எந்திரங்களை இறக்கியது. மண்ணில் பெரும்பகுதியை அள்ளியவை அந்த எந்திரங்கள்தான். முதலிலேயே முடிந்திருக்கக்கூடிய காரியம்.

1869 நவம்பர் 17இல் திறப்பு விழா. யூஜெனி வந்த கப்பல் முன்னே போயிற்று. இஸ்மாயில் கணக்கில்லாமல் செலவழித்தார். ஏற்கெனவே இருந்த கடன் கழுத்தை நெரிக்க, 1875இல் கால்வாய்க் கம்பெனியில் எகிப்துக்கு இருந்த பங்குகளை விற்றார். பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி வங்கியாளர் ராத்சைல்டிடம் கடன் வாங்கி, 40 லட்சம் பவுனுக்கு அவற்றை வளைத்துப் போட்டார். ஏழே ஆண்டுகளில் பிரிட்டிஷ் படை எகிப்துக்குள் வந்து உட்கார்ந்தது.

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன். திறப்பு விழாவுக்கு முன் பார்தோல்டி என்ற பிரெஞ்சுச் சிற்பி இஸ்மாயிலிடம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தார். கால்வாயின் வாயிலில் பிரம்மாண்டமான பெண் சிலை. எகிப்திய உழவர் வீட்டுப் பெண்ணின் உடை. உயர்த்திய கையில் ஒளி. அதுவே கலங்கரை விளக்கம். இஸ்மாயில் வேண்டாம் என்றுவிட்டார். 1886இல் அதே சிற்பி நியூயார்க் துறைமுகத்தில் நிறுத்தியதுதான் சுதந்திர தேவி சிலை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பார்தோல்டி கடைசிவரை மறுத்தார். வரைபடங்களைப் பார்த்த நான் அதை நம்பவில்லை. நியூயார்க் விழாவில் பிரெஞ்சுக் குழுவின் சார்பில் பேசியவர் டி லெசெப்ஸ். சூயஸில் ஃபெல்லாஹ் பெண்ணுக்குக் கிடைக்காமல் போன சிலை, இவருக்குக் கிடைத்தது: 1899இல், போர்ட் சயித் அலைதடுப்புச் சுவர்மேல், கால்வாயை நோக்கிக் கை நீட்டியபடி.

இனி 1956. நைலின் குறுக்கே எகிப்து கட்ட நினைத்த அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை ஜூலை 19ஆம் தேதி அமெரிக்கா இல்லை என்றது. ஒரே வாரத்தில், 26ஆம் தேதி மாலை, அலெக்சாண்ட்ரியாவின் மன்ஷியா சதுக்கத்தில் நாசர் பேசினார். வானொலியில் நாடே கேட்டது. உலக வங்கித் தலைவர் யூஜின் பிளாக்கைப் பார்த்தபோது எதிரே டி லெசெப்ஸ் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றியது என்றார். பிறகும் டி லெசெப்ஸ், மறுபடியும் டி லெசெப்ஸ். பத்துத் தடவைக்கு மேல். இந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். அந்தப் பெயர்தான் சமிக்ஞை! மஹ்மூத் யூனிஸ் என்ற பொறியாளரின் தலைமையில் சிறு சிறு குழுக்கள் வானொலிப் பெட்டியருகே காத்திருந்தன. பெயர் காதில் விழுந்ததும் கால்வாய்க் கரை ஊரான இஸ்மாயிலியாவிலும் மற்ற ஊர்களிலும் கம்பெனி அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். பேச்சு முடிவதற்குள் கால்வாய் எகிப்தின் கையில். தவறிவிடக் கூடாதே என்றுதான் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். குத்தகை முடிய இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

எகிப்தியர்களால் கப்பலை வழிநடத்த முடியாது என்று லண்டனும் பாரிசும் நம்பின. செப்டம்பர் நடுவில் வெளிநாட்டு வழிகாட்டி மாலுமிகளை ஒரே இரவில் வேலையைவிட்டு விலகச் செய்தார்கள். எகிப்தியர்களும் கூட நின்ற கிரேக்கர்களும் தூக்கமில்லாமல் வேலை பார்த்தார்கள், கப்பல்கள் நிற்கவில்லை. பிறகு இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் படையெடுத்ததும், உலகம் எதிர்க்கவே பின்வாங்கியதும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்நியப் படைகள் வெளியேறிய கையோடு, டிசம்பர் 24ஆம் தேதி, போர்ட் சயித் மக்கள் டி லெசெப்ஸ் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பீடம் தப்பியது. சிலையை மறுபடி அதன்மேல் ஏற்றலாமா என்று பேச்செழும்போதெல்லாம் அந்த ஊர் கொதிக்கும். இப்போது சிலை இஸ்மாயிலியாவில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதுதான் சரியான இடம். பீடத்தில் கூடை சுமக்கும் ஒரு விவசாயியை ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை.

இனி பனாமா. அங்கேயும் வெட்டியவர் அவரல்ல, முடித்தவர்கூட அவரல்ல. சூயஸின் புகழை வைத்துப் பிரான்சின் சிறு சேமிப்பாளர்களிடம் பணம் திரட்டி 1881இல் தொடங்கினார். மலையும் காடும் மழையும் உள்ள இடத்தில், சூயஸ் மாதிரியே மதகில்லாமல் கடல் மட்டத்துக்கு வெட்டுவேன் என்று நின்றார். மதகு வைத்துக் கட்டலாம் என்ற பொறியாளரின் யோசனை காதில் ஏறவில்லை. மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் ஏறக்குறைய 22,000 பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 1889இல் கம்பெனி திவாலாயிற்று. 1893இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை என்று தீர்ப்பு. சிறைக்குப் போகவில்லை, மறு ஆண்டே இறந்தார்.

1904இல் வேலையை எடுத்த அமெரிக்கா, மதகு வைத்து 1914இல் முடித்தது. தோண்டியவர்களில் பெரும்பாலோர் பார்படாஸ், ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர். வெள்ளை அமெரிக்கர்களின் பெயர் தங்கப் பட்டியலில், இவர்கள் பெயர் வெள்ளிப் பட்டியலில். அந்தந்த நாணயத்தில்தான் சம்பளம். குடியிருப்பு தனி, சாப்பாட்டுக்கூடம் தனி, தபால் நிலையத்தில் ஜன்னல்கூடத் தனி. அமெரிக்கக் காலத்தில் பதிவான சாவு 5,609. அதிலும் பெரும்பாலோர் வெள்ளிப் பட்டியல்காரர்கள். அவர்களுடைய சந்ததியினர் பனாமா நகரிலும் கோலோனிலும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவாகப் பனாமா நகரில் ஒரு சிறிய அருங்காட்சியகமும் உண்டு.