வாசகர் கேள்வி – பதில்: வராத வீடுகளுக்குப் போட்ட பாதை

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா சென்றிருந்தபோது, பாஸ்டனுக்கு அருகே ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ என்னும் கடலோரப் பூங்காவுக்குப் போனோம். அது அரசுக்கு உரியதன்று, ஓர் அறக்கட்டளையின் சொத்து என்றார்கள். அப்படியும் நடக்குமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நடக்கும், நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. ‘தி டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்’ என்னும் அந்த அறக்கட்டளை, 1891-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் உருவானது. நூலகம் நூல்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் மக்களுக்காகக் காப்பதைப் போல எழில்மிக்க நிலங்களைக் காக்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்று, சார்லஸ் எலியட் என்ற இளம் பூங்கா வடிவமைப்பாளர் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வார இதழில் எழுதியதே அதற்கு வித்து. 37 வயதிலேயே மறைந்துவிட்ட அவர், இங்கிலாந்தில் 1895-இல் இதே போன்ற நோக்கத்துடன் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அமைப்பு தோன்றியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நீங்கள் பார்த்த இடத்தின் கதை இன்னும் சுவையானது. ஹிங்கம் என்ற ஊரில், ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீபகற்பத்தை 163 வீட்டு மனைகளாகப் பிரிக்க, நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1890-இல் திட்டம் வரைந்தார். குதிரை வண்டிப் பாதைகள் போடப்பட்டன, இருமருங்கும் மரங்கள் நடப்பட்டன. வீடுகள் மட்டும் வரவில்லை. பின்னர் 1945-இல் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்துக்கும், 1965-இல் அணுமின் நிலையத்துக்கும் அந்த இடம் பரிசீலிக்கப்பட்டது. இப்படியே போனால் ஒருநாள் கைவிட்டுப் போகும் என்று கண்ட ஊர்மக்கள் நிதி திரட்ட, 1967-இல் அறக்கட்டளை அதை வாங்கியது. நீங்கள் நடந்த நிழற்பாதை, யாரும் குடிவராத அந்த மனைகளுக்காகப் போடப்பட்டதுதான்.

கேள்வி: நிலத்தை வாங்கியாகிவிட்டது. மரங்கள் தாமே வளரும். அதற்குப் பிறகு அறக்கட்டளைக்கு என்ன வேலை? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வேர்ல்ட்ஸ் எண்டின் குன்றுகளில் உள்ள புல்வெளியை அறுக்காமல் விட்டால், சில ஆண்டுகளில் புதர் மண்டும், பிறகு காடாகும். காடு நல்லதுதானே என்று கேட்கலாம்; ஆனால் அங்கே காக்கப்படுவது மரங்கள் மட்டுமல்ல, குன்றிலிருந்து கடலும் நகரமும் தெரியும்படி ஒருவர் திட்டமிட்டு அமைத்த காட்சியும்கூட.

கேள்வி: பூர்விக நிலத்தை விற்கவும் மனமில்லை, தானமாகக் கொடுக்கவும் வசதியில்லை என்பவருக்கு அங்கே வழி உண்டா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: உண்டு. உரிமையாளர் நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, கட்டடம் எழுப்பும் உரிமையையும் மனைகளாகப் பிரிக்கும் உரிமையையும் மட்டும் பத்திரம் மூலம் அறக்கட்டளையிடம் விட்டுக்கொடுக்கிறார். அந்தப் பத்திரம் பதிவாகிவிட்டால், நிலம் வாரிசுக்குப் போனாலும் கிரயமானாலும் கட்டுப்பாடு கூடவே போகும். நம் ஊர் வில்லங்கச் சான்றில் தொடர்ந்து வரும் பதிவைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உழலாம், மேய்க்கலாம், விற்கவும் செய்யலாம். வாங்குபவர் அடுக்குமாடி கட்ட முடியாது. என் பார்வையில் இதுவே இவ்வமைப்புகளின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. ஆனால், எழுதிக் கொடுத்தவர் காலமான பிறகு, அவருடைய பேரன் ஓரமாக ஒரு கொட்டகை போட்டால் கேட்பது யார்? ஆண்டுதோறும் நேரில் சென்று படம் எடுத்துப் பதிவு செய்வதும், மீறியவரை நீதிமன்றத்துக்கு அழைப்பதும் அறக்கட்டளையின் பொறுப்பு என்பதால், பத்திரத்தை ஏற்கும்போதே அச்செலவுக்கென ஒரு தொகையையும் கேட்டு வாங்கும் அறக்கட்டளைகள் அங்கே பல உள்ளன.