கர்ப்பகால பிரஷர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், எனக்கு 30 வாரம். பிரஷர் 144/92. இதற்கு எதற்கு யூரிக் ஆசிட், எல்.எஃப்.டி. (கல்லீரல் டெஸ்ட்), பிளேட்லெட் என்று இத்தனை டெஸ்ட்?

பதில்: 20 வாரத்துக்கு மேல் பிரஷர் 140/90-க்குப் போனால் பிரஷரை மட்டும் பார்த்துவிட்டு விட முடியாதும்மா. கோளாறு பெரும்பாலும் நஞ்சுக்கொடியில், அதுவும் பல வாரம் முன்பே தொடங்கியிருக்கும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சரியாக விரியாவிட்டால், அது எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவரைக் காக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதத்தை அது பிடித்து முடக்கிவிட, குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது, கல்லீரலும் அடிவாங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சியின் குழு 2003-ல் அமெரிக்காவில் இதைக் காட்டியது. கர்ப்பிணி எலிகளுக்கு இந்தப் புரதத்தை ஏற்றியதும் பிரஷரும் வந்தது, சிறுநீரில் புரதமும் வந்தது. அதனால்தான் இத்தனை டெஸ்ட், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: யூரிக் ஆசிட் 6.4. பருப்பு, கறியை நிறுத்தவா?

பதில்: வேண்டவே வேண்டாம். இது சாப்பாட்டால் ஏறியது இல்லை, சிறுநீரகம் வெளியேற்றாததால் தேங்குவது. இந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது.

கேள்வி: யூரினில் புரதம் இல்லை. அப்போது பயமில்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. உயர்ந்த பிரஷரோடு பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே போனாலோ, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ, கல்லீரல் என்சைம்கள் இரட்டிப்பானாலோ, புரதம் இல்லாமலேயே அது ப்ரீஎக்லாம்ப்சியாதான், அதாவது பிரஷரோடு மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் கர்ப்பகால நோய்.

கேள்வி: மனைவிக்கு 35 வாரம், பிரஷர் மாத்திரை எடுக்கிறாள். நேற்று முதல் மேல்வயிற்றில் வலி. கேஸ் என்று ஜெலுசில் கொடுத்தோம்.

பதில்: தம்பி, இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, விடாத தலைவலி, கண் மங்கல், இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிவப்பணுக்கள் உடைந்து, அதைக் காட்டும் எல்.டி.எச். என்ற என்சைம் 600-க்கு மேல் ஏறி, பிளேட்லெட் சரிகிற ஹெல்ப் சிண்ட்ரோம் (ப்ரீஎக்லாம்ப்சியாவின் தீவிர வடிவம்) இப்படித்தான் ஆரம்பிக்கும், சிலருக்கு பிரஷர் அதிகம் ஏறாமலேகூட. வெறும் கேஸாகவும் இருக்கலாம், ஆனால் அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். வலிப்பு வரும் ஆபத்து இருந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் போடுவார்கள், அது அந்த ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்.

கேள்வி: முதல் பிரசவத்தில் எனக்கு இது வந்தது. இப்போது 10 வாரம். தடுக்க வழி உண்டா?

பதில்: முழுதாகத் தடுக்க முடியாது, வாய்ப்பைக் குறைக்கலாம். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே ஆரம்பித்தால்தான் நல்ல பலன், அதனால் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பால், தயிர், கேழ்வரகு அதிகம் சாப்பிடாதவர் என்றால் கால்சியம் பற்றியும் கேளுங்கள். அப்புறம், பிரசவம் முடிந்த முதல் வாரத்திலும் பிரஷர் ஏறலாம், வீட்டுக்கு வந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருங்கள்.