வெர்மீர் விட்டுவைத்த ஆணி: டச்சு வீட்டு ஓவியங்கள் – கேள்வி பதில்

கல்லூரி மாணவி: 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் சமையலறையையும் முற்றத்தையும் போய் ஏன் வரைந்தார்கள், ஐயா?

வாங்குகிறவர்கள் இருந்தார்கள் அம்மா. சீர்திருத்தத் திருச்சபை தேவாலயத்துக்குள் ஓவியம் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது. வணிகர்களும் கைவினைஞர்களும் தங்கள் வீட்டுச் சுவருக்கென்று வாங்கினார்கள். பீட்டர் டி ஹூக் வரைந்த ஒரு தாய், குழந்தையின் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்கிறாள். அதற்கும் ஒரு சுவர் கிடைத்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்தப் படமானாலும் முதலில் அதன் அளவைப் பாருங்கள். அக்கால டச்சு ஓவியர் வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ ஓவியம் ஏறக்குறைய 24 செ.மீ. உயரம்தான். கைபேசித் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவாகிவிடுகிறது.

ஒரு வாசகர்: தாத்தா வீட்டில் பழைய டச்சுப் படம் ஒன்று இருக்கிறது. வெர்மீராக இருக்குமா?

அளவை எழுதவில்லையே. வெர்மீர் வரைந்ததாக இன்று ஏற்கப்படுபவை சுமார் 37தான். அருங்காட்சியகத்தில் நேரில் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வெர்மீரின் ‘பால்காரி’ படத்தில் தரையில் இருக்கும் பெட்டி காமக் குறியீடு என்று படித்தேன். இந்தப் படங்களில் எல்லாப் பொருளுக்கும் மறைபொருள் உண்டுதானே?

முதலில், அவள் பால்காரி அல்லள். வீட்டு வேலைக்காரப் பெண். பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவே. அந்தப் பெட்டி குளிருக்குக் கால் வைக்கும் கணப்புப் பெட்டி. உள்ளே தணல் இருக்கும். 1614இல் ரூமர் விஸ்ஸர் வெளியிட்ட, சின்னங்களுக்குப் பொருள் சொல்லும் படநூல் அதைப் பெண்களின் செல்லப்பிள்ளை என்கிறது. அருகில் சுவரடியில் பதித்த ஓட்டில் காதல் தேவன் க்யூபிடும் இருக்கிறான். ஆகவே நீங்கள் படித்ததற்கு ஆதாரம் உண்டு. ‘எல்லாப் பொருளுக்கும்’ என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் தொங்கும் சட்டம் ஒன்றையும், கீழே வலப்பக்கம் நெருப்புக் கூடை ஒன்றையும் வெர்மீர் முதலில் வரைந்து, பிறகு தானே மறைத்தார். 2022இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இதை வெளியிட்டது. அவ்வளவையும் நீக்கியவர் வெற்றுச் சுவரில் ஓர் ஆணியையும் அதன் நிழலையும் விட்டுவைத்தார். அந்த ஆணிக்கு எந்தச் சின்னங்களின் நூலில் பொருள் தேடுவீர்கள்? அதன் மேல் வெளிச்சம் விழுகிறது. அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

அதே ஆசிரியர்: அப்படியானால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள வெர்மீர் படம்? சன்னலோரம் கடிதம் படிக்கும் பெண்ணின் பின்னாலிருந்த க்யூபிடை மறைத்தவர் வெர்மீர் இல்லையே! வெற்றுச் சுவரின் மௌனம் என்று நீங்கள் எல்லோரும் எத்தனை காலம் புகழ்ந்தீர்கள்?

சரியான அடி. நானும் புகழ்ந்தவன்தான். 1979இல் எக்ஸ்ரே க்யூபிடைக் காட்டியபோது, வெர்மீரே மனம் மாறி மறைத்தார் என்று நம்பினோம். மறைத்த பூச்சுக்கும் மூலப் பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும் இருந்ததைப் பின்னர் கண்டார்கள். அது வேறொருவர் கை. 2021இல் க்யூபிட் முழுதாக வெளிவந்தான். அந்தப் படம் காதலைத்தான் பேசுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சுவரை நிறைத்து நிற்பவன் பால் ஊற்றும் பெண்ணின் படத்தில் ஓர் ஓட்டில் ஒதுங்கியிருக்கிறான். இரண்டுக்கும் ஒரே சாவி போடாதீர்கள்.

மற்றொருவர்: வெர்மீர் கேமரா வைத்து வரைந்தாரா?

இன்றைக்கு இது நான்காவது முறை. வெளிக்காட்சியைச் சிறு துளை வழியே உள்ளே விழவைக்கும் இருட்டறைக் கருவியின் (கேமரா அப்ஸ்கியூரா) வழியே அவர் பார்த்திருக்கலாம், ஆவணம் இல்லை. ஊசி குத்திச் சுண்ணக்கட்டி பூசிய நூலிழுத்துக் கோடு போட்டதற்கான துளைகள் அவர் ஓவியத் துணிகளில் இருக்கின்றன. இனி இதே கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

இல்லத்தரசி: அதே கால டச்சு ஓவியர் யான் ஸ்டேன் படங்களில் வீடு அலங்கோலமாகக் கிடக்கிறதே, டச்சு வீடுகள் அப்படியா?

இல்லை அம்மா. அது சிரிக்கவும் எச்சரிக்கவும் வரைந்தது. இன்றும் ஒழுங்கற்ற வீட்டை டச்சுக்காரர்கள் ‘யான் ஸ்டேன் குடித்தனம்’ என்பார்கள்.

கல்லூரி மாணவி: ஐயா, பால் ஊற்றும் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணி தெரிகிறது. சுவரில் சிறுசிறு குழிகளும் இருக்கின்றனவே?

முன்பு ஆணி அடித்துப் பிடுங்கிய இடங்கள். அப்படியே இடப்பக்கம் சன்னலுக்குப் போங்கள். ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கும்.