போராட்டத்துக்கு வராத தோழி

கட்டண உயர்வை எதிர்த்து நீங்கள் கல்லூரி வாயிலில் அமர்ந்திருந்தபோது வகுப்புக்குப் போய்விட்ட அறைத்தோழியோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவருக்கு அக்கறையே இல்லை என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர் ஊர்வலத்தின்போது மூண்ட மோதல் மாநிலமெங்கும் பரவியதையும், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அதே மதுரையின் தமுக்கம் மைதானத்தில் மாணவர்கள் திரண்டதையும் நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் பெயர் வழக்கில் சேர்ந்தால் அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் சிக்கல் வருமோ என்று ஒதுங்கி நிற்பவர்கள், குறிப்பாகக் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள், எந்தக் கல்லூரியிலும் உண்டு. அதைக் கோழைத்தனம் என்பது கொடுமை.

முதல் நாள் இரவு கோரிக்கை மனுவைத் தம் கைப்படப் படியெடுத்துக் கொடுத்தவர் அவரே என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்களே! மற்றவர்கள் இல்லாத வேளையில் காரணத்தை நேரில் கேளுங்கள். அடுத்த மனுவையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.